அரியர் எழுதறதா, கோர்ஸையே திரும்பப் படிக்கறதா?

அன்புள்ள அக்கா,

செகண்ட் இயர் படிக்கிறேன். போன செமஸ்டர்ல மேத்ஸ் போயிடுச்சு. இன்டர்னல் 40க்கு 12, எக்ஸாம் 60க்கு 29, மொத்தம் 41, பாஸுக்கு 50 வேணும். அடுத்த செமஸ்டர்ல எக்ஸாம் மட்டும் எழுதலாம், இல்லேன்னா கோர்ஸ் திரும்ப நடக்கும்போது முழுசா படிக்கலாம்னு டிபார்ட்மென்ட்ல சொல்றாங்க. ஜூனியர்ஸ் கிளாஸ்ல போய் உக்காந்தா அசிங்கம், பேசாம எக்ஸாம் எழுதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. அப்பா ரீவேல்யுவேஷன் போடச் சொல்றார். எக்ஸாம் அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல் வேற, அதை இப்ப சொன்னா ஏதாவது நடக்குமா?

பெயர் வேண்டாம்

பேர் வேண்டாம்னு சொன்ன தங்கச்சிக்கு,

எல்லாரும் அந்த 29ஐப் பத்தியே பேசறாங்க, நான் பாக்கறது உன்னோட 12ஐ.

எக்ஸாம் மட்டும் திரும்ப எழுதினா பெரும்பாலான இடங்கள்ல பழைய இன்டர்னல் மார்க் அப்படியே கூட வரும். அப்ப 50 எடுக்க உனக்கு எக்ஸாம்ல 38 வேணும், அதாவது 60க்கு 38, கிட்டத்தட்ட 63 பர்சன்ட், சாதாரணமா பாஸ் பண்ற பையன் எடுக்கற மார்க்கை விட இது ரொம்ப அதிகம்மா. கோர்ஸை ரிப்பீட் பண்ணா அசைன்மென்ட், டெஸ்ட் எல்லாம் புதுசா போடுவாங்க, 12 அழிஞ்சிடும். ஒரு 28 எடுத்தேன்னு வை, எக்ஸாம்ல இப்ப எடுத்த அதே 29ஐ எடுத்தாக்கூட மொத்தம் 57 வந்துடுது. காய்ச்சலோட எழுதின 29, ஞாபகம் வெச்சுக்கோ. உன்னைக் கவுத்தது எக்ஸாமே இல்ல.

இதுவே இன்டர்னல் 30 இருந்திருந்தா நானே ரிப்பீட் வேண்டாம், எக்ஸாமை மட்டும் எழுதிட்டு வேலையைப் பாருன்னு சொல்லியிருப்பேன். சில யுனிவர்சிட்டில இன்னொரு விதி உண்டு, குறிப்பிட்ட தடவை எழுதியும் பாஸ் ஆகலேன்னா அப்புறம் இன்டர்னலையே விட்டுட்டு எக்ஸாமை மட்டும் வெச்சு முடிவு பண்ணுவாங்க. அது உங்க ரெகுலேஷன்ல இருக்கான்னு பாரு, ஆனா நீ சேர்ந்த வருஷத்து ரெகுலேஷனைப் பாரு, சீனியர் வாட்ஸாப்ல அனுப்பற பிடிஎஃப் பெரும்பாலும் அவங்க பேட்ச்சுக்குப் போட்டது.

ஜூனியர்ஸோட உக்காந்தா அசிங்கம்கிறதுக்கு நான் பதிலே சொல்லப் போறதில்ல, ரெண்டாவது வாரத்துக்கு மேல யாரும் உன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. யோசிக்க வேண்டிய உண்மையான சிக்கல் டைம்டேபிள். அந்த கோர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்குதுன்னா ஒரு வருஷம் காத்திருக்கணும், அதுக்குள்ள இந்த மேத்ஸை முடிச்சிருந்தாதான் எடுக்கலாம்னு எதாவது பேப்பர் மேல வந்து நின்னா அதுவும் தள்ளிப் போகும், ரிப்பீட் வகுப்பும் உன் ரெகுலர் வகுப்பும் ஒரே நேரத்துல வந்தா அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்ல புதுசா ஒண்ணு மாட்டும். ஆக, அப்படி எதாவது பேப்பர் வழில நிக்குதான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் முடிவெடு.

மார்க் ஷீட்டுல எப்படி வரும்கிறதை யாருமே கேக்கறதில்ல, நீயும் கேக்கல. பிரிட்டன்ல பல யுனிவர்சிட்டில ரீசிட்ல, அதாவது ஃபெயிலான எக்ஸாமைத் திரும்ப எழுதறப்ப, எவ்வளவு எடுத்தாலும் பாஸ் மார்க்குதான் போடுவாங்க, யூஜின்னா பொதுவா 40. அமெரிக்கால சில இடத்துல புது கிரேடு பழசை மாத்திடும், சில இடத்துல ரெண்டையும் சேர்த்து ஆவரேஜ் பண்ணுவாங்க. கிரேடு பாயின்ட் 0 வாங்கின பேப்பர்ல அடுத்த தடவை 8 எடுத்தா ஒரு இடத்துல அது 8, இன்னொரு இடத்துல 4, உழைப்பு என்னமோ ஒண்ணுதான். அதுலயும் கூத்து என்னன்னா, காலேஜ் பழைய கிரேடை மறந்தாலும் அங்க மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ற ஏஎம்சிஏஎஸ்ங்கிற சர்வீஸ் மறக்காது, எடுத்த எல்லா தடவையும் சேர்த்துதான் ஜிபிஏ போடும். ஜெர்மனில இதை விடக் கறார், நிறைய கோர்ஸ்ல மூணு தடவைதான் சான்ஸ், கட்டாய பேப்பர்ல மூணாவதும் போச்சுன்னா அந்தப் படிப்பே முடிஞ்சுது. அதனால எத்தனை தடவைங்கிற கணக்கு உங்க ரெகுலேஷன்ல எப்படி ஓடுதுன்னு பாக்காம, சும்மா எழுதித்தான் பாப்போமேன்னு போய் உக்காராத.

காய்ச்சல் விஷயம். எக்ஸாம் எழுதாம மெடிக்கல் சர்டிபிகேட்டோட உடனே சொல்லியிருந்தா பல இடங்கள்ல அந்த தடவையைக் கணக்குலயே எடுக்காம அடுத்து எழுதறதை முதல் தடவையா வெச்சுப்பாங்க. ஹாலுக்குள்ள போய் உக்காந்துட்டா, எழுதற நிலைமையில இருந்தேன்னு நீயே ஒத்துக்கிட்டதா எடுத்துக்கறாங்க, பிரிட்டன்ல நிறைய யுனிவர்சிட்டில இது எழுதப்பட்ட விதியே. ரிசல்ட் வந்த பிறகு சொன்னா சாதாரணமா எடுபடாது. உடம்பு முடியாதப்பவும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதறவளுக்கு தண்டனை, வீட்டுல படுத்திருந்தவளுக்கு புது சான்ஸ்னா எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு, ஆனா விதி அதுதான், இருக்கறதை வெச்சுத்தான் ஆடணும்.

அப்பா சொன்ன ரீவேல்யுவேஷன்: 9 மார்க் ஏறறது கஷ்டம், ஆனா முடியாதுன்னு இல்ல, ஒரு பதிலைத் திருத்தாம விட்டிருக்கலாம், கூட்டல்ல தப்பு இருக்கலாம். விடைத்தாள் காப்பி கிடைக்கும்னா முதல்ல அதை வாங்கிப் பாரு. மார்க் குறையவும் வாய்ப்பு இருக்கான்னு விதில பாத்துக்கோ. ரீவேல்யுவேஷன் ரிசல்ட்டை நம்பி அரியர் ரெஜிஸ்ட்ரேஷனையோ ரிப்பீட் ரெஜிஸ்ட்ரேஷனையோ தள்ளிப் போடாத, ரிசல்ட் வர்றதுக்குள்ள அந்த கடைசி தேதி முடிஞ்சு போயி மொத்தமா ஒரு செமஸ்டர் போனவங்க நிறைய பேர்.

டிபார்ட்மென்ட்ல வாயால சொன்னதை மெயில்ல கேளு. ரிப்பீட் பண்ணா பழைய இன்டர்னல் போயிடுமா, இதுவரைக்கும் எத்தனை தடவை கணக்காச்சு, மார்க் ஷீட்டுல எது வரும், இந்த மூணையும் எழுதிக் கேட்டு எழுத்துல பதில் வாங்கு. ஆனா மெயிலுக்கு முன்னாடி ரீவேல்யுவேஷன் கடைசி தேதி என்னன்னு இன்னைக்கே பாரு, ரிசல்ட் வந்து கொஞ்ச நாள்தான் டைம் குடுப்பாங்க.