மிருதங்கம் யாரிடம் செய்யச் சொல்வது: கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாயார்: ஐயா, மகன் மிருதங்கம் கற்கத் தொடங்கி ஓராண்டாகிறது. சென்னைக் கடையில் வாங்கலாமா, தோல்வாத்தியம் செய்வோர் இருக்கும் நம் பாலக்காட்டுப் பெருவெம்பில் செய்யச் சொல்லலாமா?

அம்மா, பெருவெம்பிலேயே சொல்லுங்கள். மிருதங்கத்தில் நிலைத்து நிற்பது பலாக்கட்டை மட்டும்தான்; அது பேரன் காலம்வரைகூட வரும். வலப்பக்கத்து வலந்தலை, இடப்பக்கத்துத் தொப்பி ஆகிய இரண்டு மூட்டுகளும், அதாவது தோல்முகங்களும், தேய்ந்துகொண்டே இருப்பவை. நாள்தோறும் சாதகம் செய்கிற பிள்ளையின் வலந்தலை, சில மாதங்களிலேயே நடுவிலுள்ள கரும்பூச்சான சோறு பெயர்ந்து, புதிதாகப் போட வேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஆகையால் வாத்தியத்தை வாங்கும்போதே, இனிப் பல ஆண்டுகளுக்கு அதை யார் கையில் ஒப்படைக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறோம். பேருந்தில் போய்வரும் தூரத்தில் ஒருவர் இருப்பது பெரிய பேறு. நம் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துக்கும் பங்கு உண்டு என்பதை நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

சித்தூரிலிருந்து ஒரு பெரியவர்: பட்டறைக்குப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

சோறு போடுவதைப் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். கிட்டான் என்ற கரிய கல்லை நைசாகப் பொடித்துச் சலித்து, குழைந்த சோற்றுடன் பிசைந்து, அதில் சிறிதளவை வலந்தலையின் நடுவே விரலால் தடவி, வழுவழுப்பான கல்லால் காயும்வரை தேய்ப்பார்கள். பிறகு அடுத்த பூச்சு; இப்படி அடுக்கடுக்காக ஏறும். தேய்க்கத் தேய்க்க அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விழுகிற நுண்ணிய வெடிப்புகளே தோலை அசையவிட்டு நாதத்தைத் தருகின்றன. ஒரு பூச்சு காயும் முன்பே அடுத்ததை அப்புகிறவரின் சோறு, விரைவில் பாளமாகப் பெயர்ந்துவிடும். வேலை முடிந்ததும் அவரே 'நம்' என்ற சொல்லை வாசித்து, விளிம்பைச் சுற்றித் தோல்வார் கோத்திருக்கும் 16 இடங்களான கண்களிலும் சுருதி ஒன்றாக நிற்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டு, ஒரு கண் இறங்கியிருந்தால் உடனே கல்லை எடுத்துத் தட்டுகிறாரா என்று பாருங்கள். இன்னொன்றையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எத்தனை கட்டைச் சுருதிக்கு (கட்டை என்பது இங்கே சுருதியின் அளவு) வேண்டும், யாருக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் முன்பணம் வாங்குபவரிடம் கொடுக்காதீர்கள்.

கல்பாத்தியிலிருந்து ஒரு மாணவி: மிருதங்கத்தின் நீளம் 22 அங்குலமா, 24 அங்குலமா?

பெண்குரலுக்கும் பிற உயர்ந்த சுருதிகளுக்கும் 22. தாழ்ந்த சுருதிக்கு 24. நீங்கள் எந்தச் சுருதிக்கு அதிகம் வாசிப்பீர்கள் என்பதை உங்கள் குருவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர்: கட்டை நன்றாகக் காய்ந்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இளவயதில் ஒரு திருவிழாக் கடையில், வாரெல்லாம் பிடித்து ஆயத்தமாக இருந்த மிருதங்கத்தை ஓசை பிடித்துப்போய் வாங்கிவந்தேன். தை மாதத்தில் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்சியாக வீசத் தொடங்கியதும், தொப்பிப் பக்க விளிம்பிலிருந்து வயிற்றுப் பகுதிவரை மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடிவிட்டது. மரம் பச்சையாக இருந்திருக்கிறது. மூட்டுப் போட்டபின் அது வெளியே தெரியாது. ஆதலால் மூட்டுப் போடுவதற்கு முன்பே போய், வெறுங்கட்டையின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வைரம் பாய்ந்த மஞ்சள் நிறம் விளிம்புவரை இருக்க வேண்டும். வெளிறிய பகுதி கலந்திருந்தால் வேறு கட்டை கேளுங்கள். மரத்தை எப்போது வாங்கினார், எவ்வளவு காலம் காயவிட்டார் என்று கேட்டால், நல்ல வேலைக்காரர் மனம் கோணாமல் விவரமாகச் சொல்வார்.

கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் கொல்லங்கோட்டு மாணவர்: அண்ணா, வாருக்குப் பதில் நட்டு போல்ட்டு வைத்த மிருதங்கம் வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி. எனக்கு வார் பிடித்த வாத்தியத்தின் மேல்தான் விருப்பம். ஆனாலும் வாரை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாத இடத்தில், ஸ்பேனரால் நீங்களே இறுக்கிக்கொள்ள முடிவது பெரிய வசதி. மூட்டு மட்டும் இரண்டு செட்டாகச் செய்து வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தேய்ந்ததைப் பெருவெம்பில் கொடுத்துவிட்டுப் போங்கள்.