பூஜ்யம் காட்டுகிற தராசு எடையையும் சரியாகக் காட்டுமா?

பிளாட்பார்ம் தராசில் தினமும் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்துவிடுகிறோம், அப்புறம் எதற்குத் தனியாகக் காலிபரேஷன் (தெரிந்த எடைகளை வைத்துத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் திருத்துவது) என்று கேட்டிருக்கிறீர்கள். பூஜ்யம் ஒரே ஒரு புள்ளிதான். காலியாக இருக்கும்போது 0 காட்டிவிட்டு, 500 கிலோ ஏற்றினால் 497 காட்டுகிற தராசு தாராளமாக இருக்கலாம்.

உள்ளே இருப்பது லோட்செல், அதாவது ஒரு உலோகத் துண்டு. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உணரியின் மின்தடை அதற்கேற்ப மாறும், அதனால் வரும் சில மில்லிவோல்ட் மாற்றத்தைத்தான் இண்டிகேட்டர் (எடையை எண்ணாகக் காட்டும் பெட்டி) கிலோவாக்கிக் காட்டுகிறது. எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு பிசகினால் பூஜ்யத்தில் அது தெரியவே தெரியாது.

அதனால்தான் சான்று பெற்ற எடைக்கற்களைப் படிப்படியாக ஏற்றியும் இறக்கியும் பார்க்கிறார்கள். ஒரே கல்லை நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்ப்பதை மட்டும் தவறவிடாதீர்கள்: ஒரு மூலையில் குறைந்தால் அங்குள்ள லோட்செல்லையோ, மேடைக்கடியில் சிக்கிய குப்பையையோ சந்தேகப்படலாம். (முதலில் குப்பையைப் பாருங்கள், செலவில்லாத வேலை.)

தராசைத் தொலைவான இடத்துக்கு மாற்றினாலும் மறுபடி காலிபரேஷன் செய்ய வேண்டும். புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 மீ/வி², சுமார் 0.5% வித்தியாசம், டன்னுக்கு 5 கிலோ.

எவ்வளவு நாளைக்கொருமுறை என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. ஆனால் லோட்செல்லோ இண்டிகேட்டரோ மாற்றினால் தேதி பார்க்காமல் உடனே செய்துவிடுங்கள்.