லெவல் 13 பார்ட்டிக்கு (டீமுக்கு) நாலாவது ஆள் க்ளெரிக்கா பாலடினா?

கேள்வி: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்து பகடை உருட்டி ஆடற கதை விளையாட்டு) அஞ்சாவது எடிஷன், 2014 ரூல்ஸ். நேரா லெவல் 13ல ஆரம்பிக்கிறோம், ஆளுக்கு ஒரு மேஜிக் ஐட்டம் நாங்களே எடுத்துக்கலாம்னு டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) சொல்லிட்டாரு, எதிரிங்க அடல்ட் டிராகன் ரேஞ்சுல வருமாம். பார்பேரியன் (ஆவேச வீரன்), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (திருடன்) முடிவாயிடுச்சு, மிச்சம் நான் மட்டும்தான். ஹீலர் இல்லையேன்னு எல்லாரும் க்ளெரிக் (குணப்படுத்துற பூசாரி) எடுக்க சொல்றாங்க, எனக்கு பாலடின் (புனித வீரன்) மேல ஆசை. எடுத்தா பேலன்ஸ் போயிடுமா?

பதில்: போகாது, தாராளமா பாலடின் எடுங்க. டேங்க் (முன்னால நின்னு அடி தாங்கறவர்), ஹீலர், திருடன், மந்திரவாதின்னு நாலு கட்டத்தை நிரப்புற கணக்கு சின்ன லெவலுக்கு சரி, ஆனா இந்த லெவல்ல ஒரு பார்ட்டி அழியறது பெரும்பாலும் சேவ் (ஆபத்துல இருந்து தப்பிக்க 20 பக்க பகடையை உருட்டறது) ஃபெயில் ஆகித்தான், ஹீலிங் பத்தாம இல்ல.

அடல்ட் ரெட் டிராகனையே எடுத்துக்குங்க. அது பயமுறுத்துறப்போ விஸ்டம் சேவ் டிசி 19, அதாவது பகடையும் போனஸும் சேந்து 19 வரணும். உங்க பார்பேரியனுக்கு விஸ்டம் 10 (போனஸ் 0), ப்ராஃபிஷியன்சியும் (பயிற்சி போனஸ்) இல்லன்னா 19ஓ 20ஓ விழுந்தாத்தான் தப்பிப்பாரு, அதாவது 10 சதவீதம். பயந்துட்டா டிராகன் கிட்ட ஒரு அடி கூட போக முடியாது, வீசறதுக்கு கையில ஒண்ணும் இல்லாம, அடியும் வாங்காம ஒரு ரவுண்டு போச்சுன்னா ரேஜும் (அவரோட ஆவேச நிலை) முடிஞ்சிடும் (15வது லெவல்லதான் அந்த தொல்லை தீரும்). நாலு பேர் டீம்ல ஒருத்தர் சும்மா நின்னா கால்வாசி டர்ன் போச்சு, டிராகனுக்கோ தன் டர்ன் போக மூணு லெஜண்டரி ஆக்ஷன் (மத்தவங்க டர்ன் முடியறப்போ செய்யற கூடுதல் செயல்) வேற இருக்கு.

இங்கதான் பாலடினோட ஆரா (சுத்தி இருக்கறவங்களை காக்கற வட்டம்) உதவும். கரிஸ்மா 18 (போனஸ் +4) வெச்சா 10 அடிக்குள்ள இருக்கற எல்லாருக்கும் எல்லா சேவுக்கும் +4, லெவல் 10லயே பயம் தாக்காத ஆராவும் வந்துடும், நீங்க மயங்கி விழாத வரைக்கும் ரெண்டும் வேலை செய்யும். க்ளெரிக்கும் ஹீரோஸ் ஃபீஸ்ட் ஸ்பெல் போட்டு பயத்தை தடுக்கலாமேன்னு கேப்பாங்க, தடுக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் 1,000 கோல்டு பாத்திரம் காலி, அதோட டெக்ஸ் (சுறுசுறுப்பு) சேவுக்கு அது ஒண்ணும் பண்ணாது. நெருப்பு மூச்சுக்கு டிசி 21, சராசரி 63 டேமேஜ். டெக்ஸ் +2 மட்டும் இருக்கற விசார்ட் இப்போ 19 போடணும், உங்க பக்கத்துல நின்னா 15 போதும்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, அந்த 10 அடி. எல்லாரும் ஒட்டி நின்னா 60 அடி நெருப்பு மூச்சு மொத்த பேரையும் சேத்து சுடும். அதனால ஆராவுக்குள்ள பார்பேரியன் மட்டும் எப்பவும் இருக்கட்டும், ரோகுக்கு டெக்ஸ் சேவும் இவேஷனும் (சேவ் பாஸ் ஆனா டேமேஜே இல்ல) இருக்கு, அவர் தனியா சுத்தலாம். விசார்ட் எங்க நிக்கணும்னு ஒவ்வொரு சண்டையிலயும் நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.

சரி, செத்தா யார் எழுப்புறது? ரெவிவிஃபை பாலடின் ஸ்பெல் லிஸ்ட்லயே இருக்கு, ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும், தடவைக்கு 300 கோல்டு வைரம் வேணும், ஆரம்பத்துலயே வாங்கி வெச்சுக்குங்க. லே ஆன் ஹேண்ட்ஸ்ல (பாலடின் தொட்டு குணப்படுத்தறது) 65 பாயிண்ட் இருக்கு, விழுந்தவரை எழுப்ப ஒரு பாயிண்ட் போதும். சாபத்துக்கு ரிமூவ் கர்ஸ் விசார்டும் கத்துக்கலாம், நீங்களும் போடலாம். உண்மையிலேயே ஓட்டை விழற இடம் கிரேட்டர் ரெஸ்டோரேஷன் ஸ்பெல். கல்லா மாறிட்டா அதுதான் மருந்து, உங்க நாலு பேர்ல யார் லிஸ்ட்லயும் கிடையாது. ரோக் தீஃப் ஆர்க்கிடைப்பா (ரோகோட ஒரு உட்பிரிவு) இருந்தா லெவல் 13ல யூஸ் மேஜிக் டிவைஸ் கிடைக்கும், க்ளாஸ் கண்டிஷன் பாக்காம ஐட்டம் உபயோகிக்கலாம், அதை வெச்சு அந்த ஸ்பெல் எழுதின ஸ்க்ரோலை படிக்க விடுவாரான்னு டிஎம் கிட்ட முதல்லயே கேட்டுடுங்க. விடமாட்டேன்னு சொன்னா ரோகுக்கு பதிலா பார்ட் (மந்திரம் போடற பாணன்) எடுக்க சொல்லி பாருங்க, அந்த ஸ்பெல் பார்ட் லிஸ்ட்ல இருக்கு.

விசார்ட் கிட்ட ஒண்ணு சொல்லுங்க, சேவ் கேக்கற பெரிய ஸ்பெல்லா அடுக்க வேணாம், டிராகனுக்கு ஒரு நாளைக்கு மூணு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் இருக்கு, ஃபெயில் ஆனாலும் பாஸ்னு மாத்திக்கும். வால் ஆஃப் ஃபோர்ஸ் (கண்ணுக்கு தெரியாத சுவர்) மாதிரி சேவே இல்லாதது ரெண்டு மூணு வெச்சுக்கட்டும், கவுண்டர்ஸ்பெல் (எதிரி ஸ்பெல்லை தடுக்கறது) கண்டிப்பா வேணும்.

ஐட்டம் எடுக்கறப்போ பார்பேரியன் பெரிய கோடாலிக்குத்தான் ஆசைப்படுவாரு, அவரை விங்ட் பூட்ஸ் (பறக்க வைக்கற பூட்ஸ்) எடுக்க வைங்க. டிராகன் மேல பறந்துக்கிட்டே இருந்தா கோடாலி எட்டாது, விசார்டோட ஃப்ளை ஸ்பெல்லை நம்பினா கான்சன்ட்ரேஷன் (ஸ்பெல்லை பிடிச்சு வெக்கற கவனம்) உடைஞ்ச அந்த நொடியில கீழ விழுவாரு.