சாலை மட்டம், வடிகால் வாட்டம், மன்றத் தீர்மானம்: வாசகர் கேள்வி-பதில்

உள்ளாட்சி மன்றங்கள் சாலை, வடிகால், பொது நிலம் பற்றி எடுக்கும் முடிவுகள் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மனுக் கொடுக்கும் கெடுவும் அதிகாரிகளின் பதவிப் பெயரும் இடத்துக்கு இடம் மாறும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது எங்கும் மாறாது. ஆகவே அளவுகளையே அதிகம் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் மூன்று முறை தார்ச்சாலை போட்டார்கள், மூன்று முறையும் பழைய சாலையின் மேலேயே. வாசற்படி இப்போது சாலைக்குக் கீழே போய்விட்டது. நான்காவது முறையும் போடப் போகிறார்களாம். தடுக்க வழி உண்டா?

பதில்: சாலையைத் தடுக்க வேண்டாம், மட்டத்தைக் கேளுங்கள். ஒரு தார் அடுக்கின் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மி.மீ. வரை இருக்கும். மூன்று முறை போட்டால் 12 முதல் 15 செ.மீ., அதாவது ஒரு படிக்கட்டின் உயரம். 40 மி.மீ. புதிதாகப் போடுவதென்றால் பழைய தாரை 40 மி.மீ. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். மில்லிங் என்று சொல்வது இதைத்தான். இந்த வேலை செலவு மதிப்பீட்டில் (எஸ்டிமேட்) தனி வரியாக இருக்கிறதா என்று டெண்டருக்கு முன்பே பாருங்கள். எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு ஒப்பந்ததாரருக்குப் பணம் வராது, அதனால் அவர் செய்யவும் மாட்டார். வேலை தொடங்கிய பிறகு இயந்திரத்தின் முன்னால் நின்று சண்டை போட்டுப் பயனில்லை.

வேலைக்கு முந்தைய நாள், சாலையோரத்து மின்கம்பத்திலோ மதிலிலோ, இப்போதைய சாலை மட்டத்திலிருந்து சரியாக 1 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போட்டு, டேப்பைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். தெருவில் நான்கு இடங்களில் போட்டால் போதும். வேலை முடிந்ததும் மறுபடி அளந்தால் 1 மீட்டரே வர வேண்டும். 96 செ.மீ. வந்தால் சுரண்டாமல் போட்டிருக்கிறார்கள்.

சாலையின் நடு மேடும் முக்கியம். 6 மீட்டர் அகலச் சாலையில், நடுவிலிருந்து இருபுறமும் இரண்டரை சதவீதச் சரிவு என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 75 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் ஒரு நைலான் கயிற்றை விறைப்பாகப் பிடியுங்கள். நடுவில் கயிற்றுக்கும் தாருக்கும் இடைவெளி சுமார் இரண்டரை செ.மீ. இருந்தால் சரி. எட்டு, ஒன்பது செ.மீ. இருந்தால் சாலை தட்டையாகக் கிடக்கிறது, தண்ணீர் நடுவிலேயே நிற்கும்.

கனத்தைச் சரிபார்க்க லாரிகளின் எடைச் சீட்டு போதும். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 40 மி.மீ. கனம் என்றால் 24 கன மீட்டர். இறுகிய தார்க் கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 முதல் 2.4 டன் இருக்கும். ஆக 55 டன்னுக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். 40 டன்தான் வந்ததென்றால் கனம் 30 மி.மீ.கூட இல்லை.

இன்னொன்று: புது அடுக்கு ஒட்டுவதற்காக முதலில் எமல்ஷன், அதாவது நீரில் கலந்த தார், தெளிப்பார்கள். தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும், அதிலுள்ள நீர் பிரிந்ததும் கறுப்பாகும். பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டினாலும், மண்ணைக் கூட்டித் தள்ளாமல் தெளித்தாலும், அடுத்த மழைக்குள் பாளம் பாளமாகப் பெயரும். தெருக்காரர் எவரும் நின்று பார்த்துச் சொல்லக்கூடிய குறை இது.

கேள்வி: புது மழைநீர் வடிகால் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மழை வந்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. எதைக் குறை சொல்லி மனு எழுதுவது?

பதில்: மழை பெய்யும்போதே வடிகால் மூடி ஒன்றைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். தெருவில் தண்ணீர் நிற்க வடிகால் காலியாக இருந்தால் நீர் இறங்கும் வாய்களில்தான் குறை: எண்ணிக்கை போதாது, அடைத்திருக்கிறது, அல்லது வடிகாலின் மேல்தளத்தைச் சாலைக்கு மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். வடிகாலும் நிரம்பி நீர் அசையாமல் நின்றால் குறை வாட்டத்திலோ (நீர் ஓடுவதற்கான அடித்தளச் சரிவு) கடைசியில் போய்ச் சேரும் இடத்திலோ இருக்கிறது. நீர் வேகமாக ஓடியும் நிரம்பி வழிந்தால் வடிகாலின் அளவு போதவில்லை. இவற்றில் எது என்று எழுதாத மனுவுக்கு 'தூர்வாரப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வரும்.

வாட்டத்தை நீங்களே பார்க்கலாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும்: 20 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர். குமிழி ஒன்று இருந்தாலும் அளவு பொய்யாகும், அதனால் ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, குழாயைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். பக்கத்துப் பக்கத்தில் பிடித்து இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பின்னர் ஒரு முனையை மேல்பக்க மூடியிலும் மறு முனையை கீழ்ப்பக்க மூடியிலும் பிடித்து, நீர் மட்டத்திலிருந்து வடிகாலின் அடித்தளம் எவ்வளவு கீழே என்று இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். 200-க்கு 1 (200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) என்று வரைபடத்தில் இருந்தால் 20 மீட்டரில் 10 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் மேடாக இருந்தால் அந்தத் துண்டை எத்தனை முறை தூர்வாரினாலும் தீராது. அளக்கும்போது யாரும் வடிகாலுக்குள் இறங்கக் கூடாது. நச்சு வாயு இருக்கலாம். குச்சியை விட்டு மேலிருந்தே அளங்கள்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பரப்பை ஹெக்டேரிலும் மழை வேகத்தை மணிக்கு இத்தனை மி.மீ. என்றும் எடுத்து, தரையில் இறங்காமல் ஓடும் பங்கையும் சேர்த்துப் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். வீடும் சிமெண்ட் தரையுமாக உள்ள 2 ஹெக்டேர், மணிக்கு 60 மி.மீ. மழை, ஓடும் பங்கு 0.8 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 267 லிட்டர். 60 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள கான்கிரீட் வடிகால், 200-க்கு 1 வாட்டத்தில், மேலே 10 செ.மீ. விட்டு ஓடினால் நொடிக்கு 450 லிட்டர் வரை தாங்கும். அதே வடிகாலில் பாதி ஆழத்துக்கு மண் நின்றால் தாங்குவது பாதியாகக் குறையும் என்று நினைப்போம். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே, 140 லிட்டர் அளவுக்குப் போய்விடும். மழைக்கு முன் தூர்வாருவதற்கு மன்றத்தில் பணம் ஒதுக்காமல் வடிகால் கட்ட மட்டும் ஒதுக்குவது ஏன் வீண் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும்.

வடிகாலைக் கட்டுகிற வரிசையும் தவறாகப் போவதுண்டு. கடைசியில் நீர் சேரும் ஆறோ குளமோ கால்வாயோ எதுவோ, அங்கிருந்துதான் மேல்நோக்கிக் கட்டி வர வேண்டும். பணம் வந்த துண்டுக்கு மட்டும் நடுவில் கட்டினால், அது வடிகால் ஆகாது, நீளமான தொட்டி ஆகும். கொசுவுக்குத்தான் வசதி.

கேள்வி: புதுச் சாலை போட்ட மறு வாரமே குடிநீர்க் குழாய் பதிக்க அதன் குறுக்கே வெட்டினார்கள். மூடிய இடம் இப்போது பள்ளம்.

பதில்: தோண்டிய மண்ணை ஒரே மூச்சில் தள்ளி மேலே தார் பூசியிருப்பார்கள். 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் பார்த்து இடித்து இறுக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழக் குழியில் இப்படி ஆறேழு முறை. மேல் தாரையும் குழியின் அகலத்துக்கு மட்டும் போடாமல் இருபுறமும் 15 முதல் 30 செ.மீ. கூடுதலாக வெட்டிப் போட்டால்தான் விளிம்பு உட்காராது. ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அது முடியும்வரை ஒப்பந்ததாரரின் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருப்பார்கள். முடியும் தேதியைக் கேட்டு வாங்கி, அதற்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்த முறை, சாலைத் தீர்மானம் வரும்போதே குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி ஆகிய எல்லாரிடமும் 'இந்தத் தெருவில் வேலை பாக்கி உண்டா' என்று கேட்டுப் பெற்ற பதில்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

கேள்வி: மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தின் 'ஒரு பகுதியில்' சமுதாயக் கூடம் கட்ட மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. நிலம் மன்றத்துடையதுதான், எதிர்க்க முடியாது என்கிறார்கள்.

பதில்: நிலம் யாருடையது என்பது ஒன்று, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது வேறு. கூடம் கட்டும் தீர்மானமும், பூங்கா என்ற பயன்பாட்டை மாற்றும் முடிவும் தனித்தனி. பொதுவாக இரண்டாவதற்கு அறிவிப்பு, ஆட்சேபத்துக்கு அவகாசம், விசாரணை, திட்ட அமைப்பின் ஒப்புதல் என்று படிகள் உண்டு. அவை நடந்திருக்கின்றனவா என்று எழுதிக் கேளுங்கள். இந்தியாவில் பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது, அங்கே குடியிருந்தவர்களே வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. மருத்துவமனை நல்ல காரியம்தான், ஆனாலும் பூங்காவின் இடத்தை அது எடுத்துக்கொள்ள முடியவில்லை.

'ஒரு பகுதியில்' என்ற சொல்லை விடாதீர்கள். சர்வே எண், நான்கு எல்லை, சதுர மீட்டர், இந்த மூன்றும் தீர்மானத்தில் இல்லையென்றால் அந்தப் பகுதி எவ்வளவுக்கும் வளரும். 500 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 25,000 லிட்டர். அதில் பெரும்பகுதி இதுவரை மண்ணில் இறங்கியது. இனி எந்த வடிகாலுக்குப் போகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: கட்டட விண்ணப்பம் ஒன்றை எதிர்த்துக் கொடுக்கும் ஆட்சேபக் கடிதத்தில் எவற்றை எழுதலாம்? 200 பேர் கையெழுத்திட்டால் எடுபடுமா?

பதில்: ஒரே வாசகத்தில் 200 கையெழுத்து என்றால் பல இடங்களில் ஒரே காரணமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பத்துப் பேர் தத்தம் வீட்டு நிலையை அளந்து எழுதிய பத்துக் கடிதங்கள் அதைவிட வலுவானவை. வெளிச்சம், போக்குவரத்து, வண்டி நிறுத்தம், வடிகால், சத்தம், மரங்கள் ஆகியவை எடுபடும். வெளிச்சம் பழைய காரணம். அக்கம்பக்கத்தை நிழலில் மூழ்கடித்த உயரக் கட்டடங்களைக் கண்டுதான் நியூயார்க் நகரம் 1916-ல் நிலப் பயன்பாட்டு விதிகளையே கொண்டுவந்தது. 'என் வீட்டு விலை குறையும்', 'விண்ணப்பதாரர் நல்லவர் அல்ல' என்பவை பெரும்பாலும் எடுபடா. அவற்றை எழுதினால் நல்ல காரணத்தின் மீதும் சந்தேகம் விழும்.

கெடு நாள், பெரும்பாலும் அறிவிப்பு வெளியான தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் பார்த்த நாளிலிருந்து கணக்கிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. கடிதத்தின் மேலே பொருள் எண் (கூட்டப் பொருள் பட்டியலில் உள்ள எண்), சர்வே எண். ஒரு பத்திக்கு ஒரு காரணம். முடிவில் என்ன வேண்டும் என்று தெளிவாக: நிராகரிக்க வேண்டும், அல்லது அனுமதித்தால் இன்னின்ன நிபந்தனையுடன். இந்த இரண்டாவதைப் பலரும் எழுதுவதில்லை, அது பெரிய இழப்பு. நிராகரிக்க மனமில்லாத மன்றமும் வேலை நேரம், வடிகால் இணைப்பு, மரம் வெட்டத் தடை போன்ற நிபந்தனைகளை ஏற்கும். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

கேள்வி: பள்ளி வாசலில் நாங்களே சிமெண்ட்டில் வேகத்தடை போடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு முழ அகலத்தில் கூராகப் போட்ட மேடு மெதுவாக வருபவரைத் தூக்கிப் போடும், இரவில் இருசக்கர வண்டிக்காரரைக் கொல்லும். முறையான வளைவுத் தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், மேலே வெள்ளைப் பட்டை, முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை. ஓரத்தில் நீர் போக வழி விட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் தாண்டியதும் வேகம் ஏறும், 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்று என்று தொடராகக் கேளுங்கள்.

கேள்வி: பட்ஜெட் போடும்போதே மக்கள் கருத்துச் சொல்ல முடியுமா?

பதில்: பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-லேயே இதைத் தொடங்கியது. பகுதிவாரியாகக் கூடி, எந்த வேலை முதலில் என்று மக்களே வரிசைப்படுத்தினார்கள். அந்த ஏற்பாடு இல்லாத ஊரிலும் பட்ஜெட் கூட்டத்துக்கு முன் உறுப்பினரிடம் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கட்டும் செலவோடு பராமரிப்புச் செலவையும் கணக்கிட்டுக் கொடுங்கள். 60 வாட் தெருவிளக்கு 100, இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 66 யூனிட், ஆண்டுக்கு 24,000 யூனிட்டுக்கு மேல். அந்த மின்கட்டணம் எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று தீர்மானத்தில் எழுதாத விளக்குகள்தான் முதலில் அணைகின்றன.