வாசகர் கேள்வி பதில்: கீத் ஜாரெட்டின் பியானோவும் வந்து குவிந்த கடிதங்களும்

தனிப் பியானோ ஜாஸ் ஆல்பங்களில் எதை முதலில் கேட்கலாம் என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975-ல் ஜெர்மனியில் வாசித்த 'தி கோல்ன் கான்சர்ட்' என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் கண் கலங்கி எழுதியிருக்கிறார்கள், சிலர் கடுப்பாகி எழுதியிருக்கிறார்கள், நடுவில் நிற்பவர் யாருமே இல்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான்.

கே: நீங்கள் சொன்னீர்களே என்று உட்கார்ந்து கேட்டேன். கால் மணி நேரம் தாண்டவில்லை. இடது கை அதே இரண்டு கார்டையே (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் போய் மகத்தான ஆல்பம் என்கிறார்களே, என் காதில்தான் கோளாறா? (கோவை வாசகர்)

ப: உங்கள் காது நன்றாகவே வேலை செய்கிறது. எரிச்சல் வந்த இடம் எது என்றுகூட என்னால் சொல்ல முடியும். முதல் பகுதி மொத்தம் 26 நிமிடம். அதில் ஏறக்குறைய 12 நிமிடம் ஏ மைனர் செவன், ஜி மேஜர் என்ற இரண்டே கார்டுகளுக்கு நடுவில்தான் ஜாரெட் போய்ப் போய் வருகிறார். இரண்டாம் பகுதியின் முதல் எட்டு நிமிடம் இடது கை டி மேஜரை விட்டு நகராது. அதன் பின்பாதி தொடங்கியதும் எஃப் ஷார்ப் மைனரில் இன்னொரு ஆறு நிமிடம். ஆக, நீங்கள் கேட்டது அங்கே உண்மையிலேயே இருக்கிறது. ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

எனக்கு அந்த 12 நிமிடம் பிடிக்கும், ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன். ஒருவர் திண்ணையில் மேலும் கீழும் நடந்துகொண்டே பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை ஒன்றுதான், பேச்சு மாறிக்கொண்டே போகிறது. இடது கை அந்த நடை. முதலில் தாளமே இல்லாமல் மெதுவாக, யோசித்து யோசித்து வருகிற வலது கை, கொஞ்ச நேரத்தில் அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் பாட்டு மாதிரி ஆடத் தொடங்கும், அப்புறம் திடீரென்று அடங்கி ஒற்றைச் சுரமாக நிற்கும். ஜாரெட் காலால் தரையைத் தட்டுவது கேட்கும், கூடவே தொண்டையிலிருந்து ஒரு முனகல். அத்தனை நேரம் அந்த இரண்டு கார்டிலேயே இருந்ததால்தான், கடைசி ஐந்தாறு நிமிடத்தில் ஏ மேஜருக்குப் போகும்போது கதவைத் திறந்துவிட்டது போல இருக்கிறது. பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்தியதால் நீங்கள் அந்த இடத்துக்கு வரவே இல்லை. அது வரைக்கும் கேட்டுவிட்டு அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் சரி, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நானே இரண்டாம் பகுதியில் அந்த எஃப் ஷார்ப் மைனர் இடத்தில் தொய்ந்துவிடுகிறேன். வழி தேடுகிறார், கிடைக்கவில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

கே: இரவு படுக்கும் முன் இதைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இசைக் கல்லூரியில் படிக்கும் என் மகன், "அம்மா, இது ஜாஸே இல்லை, தியான மையத்தில் போடுகிற இசை" என்கிறான். யார் சொல்வது சரி? (திருச்சி வாசகி)

ப: உங்கள் மகன் சொல்வது புதிதில்லை. ஆல்பம் வந்து சில வருஷங்களில், கேட்க இதமாக, கார்டு மாறாமல் மெல்ல ஓடுகிற பியானோ இசை அமெரிக்காவில் நிறைய வந்தது. 'நியூ ஏஜ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், அதற்கெல்லாம் வழி திறந்துவிட்டது இந்தக் கச்சேரிதான் என்று பழியும் போட்டார்கள். ஜாஸுக்கே உரிய ஸ்விங் தாளம் இல்லை, தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்து விரிக்கவில்லை, ஒரு ஜாஸ் பியானோ ரசிகர் எதிர்பார்க்கும் கார்டு மாற்றங்கள் இல்லை. இதெல்லாம் நியாயமான பேச்சுதான்.

ஆனால் வாசித்தவர் யார் என்று மகனிடம் ஒரு தடவை கேளுங்கள். ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் குழுவில் இருந்தவர், சாக்ஸஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிடோடு ஊர் ஊராக வாசித்தவர், டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸிடம் மின் கீபோர்டு வாசித்துவிட்டு, போதும், இனி மின்கருவியே வேண்டாம் என்று பியானோவுக்குத் திரும்பியவர். கையில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல், என்ன வாசிக்கப் போகிறோம் என்று முடிவுகூட செய்யாமல் மேடையில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசிப்பது ஜாஸ் இல்லையென்றால், ஜாஸ் என்ற சொல்லை ரொம்பச் சுருக்கிவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒன்றே ஒன்று உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தூக்கத்துக்கு வேறு எதையாவது போட்டுக்கொண்டு, இதைப் பகலில் ஒரு நாள் கேளுங்கள். இரவில் நீங்கள் தவறவிடுகிற கோபமும் தடுமாற்றமும் இதில் நிறைய இருக்கிறது.

கே: உடைந்த பியானோவில் வாசித்தார் என்று எல்லா இடத்திலும் படிக்கிறேன். உண்மையா, கட்டுக்கதையா? (மதுரை வாசகர்)

ப: பெரும்பாலும் உண்மை. 'உடைந்த' என்பது மட்டும் கொஞ்சம் அதிகம். 1975 ஜனவரி 24, கோல்ன் நகர ஆப்பெரா அரங்கம். ஏற்பாடு செய்தவர் வெரா பிராண்டெஸ் என்ற 18 வயதுப் பெண். அந்த அரங்கத்தில் அதற்கு முன் ஜாஸ் கச்சேரியே நடந்ததில்லை, அதனால் அன்றைய ஆப்பெரா முடிந்த பிறகு இரவு 11.30-க்குத்தான் நேரம் கொடுத்தார்கள். கேட்டிருந்தது போசன்டார்ஃபர் நிறுவனத்தின் மிகப் பெரிய 'இம்பீரியல்' பியானோ. மேடைக்கு வந்து நின்றது அதே நிறுவனத்தின் சின்னப் பியானோ, ஒத்திகைக்கு வைத்திருந்தது. மேல் சுரங்கள் தகரத்தைத் தட்டினது போல, கீழ் சுரங்களில் கனம் இல்லை, பெடல் சரியாக வேலை செய்யவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து காரிலேயே வந்திருந்தார் ஜாரெட். சில நாளாகச் சரியான தூக்கம் இல்லை, முதுகு வலிக்குப் பட்டை கட்டியிருந்தார். தொட்டுப் பார்த்துவிட்டு வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார். வேறு பியானோவுக்கு வழி இல்லை, டிக்கெட்டோ ஏறக்குறைய 1,400 பேருக்கு விற்றாகிவிட்டது. பிராண்டெஸ் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தார். ஒலிப்பதிவுக் கருவிகளை ஏற்கெனவே பொருத்தி வைத்திருந்ததும் ஒரு காரணம். பல மணி நேரம் சுதி சேர்த்துத்தான் வாசிக்கிற நிலைக்கே பியானோ வந்தது.

இப்போது கோவைக்காரரின் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். மேலே போனால் தகரம், கீழே போனால் ஒலி இல்லை. அதனால் கீபோர்டின் நடுப்பகுதியிலேயே தங்கினார். பேஸ், அதாவது கீழ் சுரங்கள், கனமாகக் கேட்க வேண்டும் என்றால் ஒரே சுர வரிசையை இடது கையால் விடாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதாவது ஒருவரை எரிச்சலாக்குவதும் இன்னொருவரை உருக்குவதும் அந்தப் பியானோவின் ஒரே குறையிலிருந்து வந்தவை. ஆல்பத்தை வெளியிட்ட ஈசிஎம் நிறுவனத்தின் தயாரிப்பாளர் மான்ஃப்ரெட் ஐஷரும் இதே கருத்தைத்தான் சொல்லியிருக்கிறார்: பியானோ நன்றாக இல்லாததால்தான் அவர் அப்படி வாசித்திருக்க வேண்டும் என்று.

அதே சமயம் இந்தக் கதை இப்போது ஆல்பத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்பது எனக்கு உண்மையான வருத்தம். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கடிதம் எழுதியவர்களில் பலர் கதையைக் கேட்டு அழுதுவிட்டு, பிறகு போய் இசையைக் கேட்டிருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு தடவையாவது பியானோவை மறந்துவிட்டுக் கேளுங்கள். நல்ல பியானோவில் வாசித்திருந்தாலும் நமக்குப் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் அது பிடித்தது என்று அர்த்தம்.

கே: அந்த முனகலை நீக்கி யாராவது வெளியிட்டிருக்கிறார்களா? (சேலம் வாசகர்)

ப: எனக்குத் தெரிந்து இல்லை, எளிதில் நீக்கவும் முடியாது. இசையும் முனகலும் ஒரே ஒலிப்பதிவில் கலந்திருக்கின்றன. பாக்கின் செவ்வியல் இசையை வாசித்துப் பேர் பெற்ற பியானோ கலைஞர் க்ளென் கூல்டும் இப்படித்தான் கூடவே முணுமுணுப்பார். பிடிக்காதவர்களுக்கு அது பெரிய தொந்தரவுதான், புரிகிறது. எனக்கு ஒரு பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறது. பழகியதும் அடுத்த சுரம் எங்கே போகப் போகிறது என்று அந்தக் குரலே முன்கூட்டிச் சொல்வது போல இருக்கும்.

கே: இதை நம் ராக ஆலாபனையோடு ஒப்பிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

ப: கேட்கிற மனநிலைக்கு ஒப்பிடலாம். சுருதி மாதிரி கீழே ஒன்று நிலையாக நிற்க, மேலே மனோதர்மம் விரிகிறது, நாமும் அவசரப்படாமல் கூடவே போகிறோம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். ஆலாபனைக்கு ராகம் என்ற எல்லை உண்டு, எந்தப் பிடி வரலாம், எது வரக்கூடாது என்று பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். ஜாரெட்டுக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்தும் ஒரே இடத்தில் நிற்கிறார்.

கே: ஜாரெட்டுக்கே இந்த ஆல்பம் பிடிக்காது என்கிறார்களே? (புதுச்சேரி வாசகி)

ப: பிடிக்காது என்பதைவிட, அதன் புகழ் அவரைச் சலிக்க வைத்துவிட்டது என்பது சரியாக இருக்கும். இதுவரை சுமார் 40 லட்சம் பிரதிகள் விற்றிருக்கிறது, தனி ஜாஸ் ஆல்பத்துக்கு நினைத்துப் பார்க்க முடியாத எண்ணிக்கை. 1992-ல் ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அது வெறும் பின்னணி இசையாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். இசையை மறக்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பியானோ கலைஞர்கள் ஸ்வரக் குறிப்பு கேட்டு நச்சரித்தபோது பல வருஷம் மறுத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டபோதும், வாசிக்க நினைப்பவர்கள் இறுதியில் ஒலிப்பதிவைத்தான் ஆதாரமாகக் கொள்ள வேண்டும் என்ற குறிப்போடுதான் வெளியிட வைத்தார். அந்த ஒரு இரவில், அந்த ஒரு பியானோவில் வந்ததைத் தாளில் பார்த்து இன்னொருவர் திரும்ப வாசிப்பதில் என்ன இருக்கிறது என்ற அவருடைய தயக்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

கே: இப்போதும் கச்சேரி செய்கிறாரா? (சென்னை வாசகர்)

ப: இல்லை. 2017 பிப்ரவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் வாசித்ததுதான் கடைசி. 2018-ல் இரண்டு முறை பக்கவாதம் வந்தது. உடம்பின் இடது பக்கம் பாதிக்கப்பட்டது. இனி மேடையேறுவது கடினம் என்று 2020-ல் அவரே சொல்லிவிட்டார். இந்தக் கடிதக் கட்டு முழுக்க அவருடைய இடது கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது கை ஓடவில்லை.

கே: எனக்குப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிறது. இதிலேயே எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? அவருடைய வேறு எது கேட்கலாம்? (ஈரோடு வாசகி)

ப: நடுவில் நிற்பவர் யாருமே இல்லை என்று மேலே எழுதிவிட்டேன், கட்டின் அடியில் உங்கள் கடிதம் இருந்திருக்கிறது. மன்னிக்கவும்.

கடைசியில் வரும் 'பகுதி 2சி'-யிலிருந்து ஆரம்பியுங்கள். ஏழு நிமிடம்தான். ரசிகர்கள் கைதட்டி மறுபடி அழைத்ததும் வந்து வாசித்தது, நல்ல வடிவான ஒரு மெட்டு. எனக்கு இது பல வருஷம் தெரியவே தெரியாது. நண்பர் ஒருவர் அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து கொடுத்ததுதான் என்னிடம் இருந்தது. முதல் பக்கத்தில் 26 நிமிடம் முடிந்து மீதி வெறும் இரைச்சல். இரண்டாம் பக்கத்தில் 2ஏ முழுதும் ஓடி, 2பி நடுவில் டக்கென்று அறுந்துவிடும். ஆல்பமே அங்கே முடிகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். (2ஏ, 2பி இரண்டும் உண்மையில் இடைவெளி இல்லாத ஒரே வாசிப்பு. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 34 நிமிடம் கொள்ளாது என்பதால் பிரித்தார்கள்.) பிறகு சிடி வாங்கி முதல் முறை 2சி-யைக் கேட்ட அன்று அதை மட்டும் நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன்.

வேறு ஆல்பம் என்றால், நீளம்தான் பிரச்சினை என்பவர்களுக்கு 1971-ல் ஸ்டூடியோவில் பதிந்த 'ஃபேசிங் யூ', எல்லாம் சின்னச் சின்ன உருப்படிகள். நீளம் பிரச்சினை இல்லை, நல்ல பியானோ வேண்டும் என்பவர்களுக்கு 1973-ல் பிரேமன், லோசான் நகரங்களில் வாசித்த கச்சேரிகள். என் கணக்கில் அவை கோல்னைவிட ஒரு படி மேல், இதற்கும் கடிதம் வரும் என்று தெரியும். திருச்சி அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒன்று: 'தி மெலடி அட் நைட், வித் யூ'. நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த நாட்களில், வீட்டிலேயே, சத்தமில்லாமல் பழைய பாட்டுகளை வாசித்தது. தூங்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.