போஸ்ட்டொக் என்பது படிப்பா, வேலையா?

கேள்வி: சுவாசப்பை நோய்களின் நிர்ப்பீடனவியலில் (உடலின் நோயெதிர்ப்பு பற்றிய துறை) கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில், புகைப்பவர்களுக்கு வரும் நாட்பட்ட சுவாசத்தடை நோய் பற்றி இரண்டு வருட போஸ்ட்டொக் கிடைத்திருக்கிறது. "இன்னும் எத்தனை வருஷம் படிக்கப்போறாய்?" என்று அம்மா கேட்கிறா. போகலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, போஸ்ட்டொக் என்பது கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஓர் ஆய்வுகூடத்தில் செய்யும் ஆராய்ச்சி. அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், இது வேலை. சம்பளம் இருக்கிறது, லீவு இருக்கிறது, பரீட்சை இல்லை, முடிவில் இன்னொரு பட்டமும் கிடைக்காது. ஆனால் முடியும் திகதியை முதல் நாளே எழுதிவிட்ட வேலை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வருடம் நீளமாகத் தெரியும். அங்கே எலிகளில் பரிசோதனை செய்வதென்றால் உங்கள் பெயருக்கே தனி அனுமதிப்பத்திரம் வேண்டும், நோயாளரின் மாதிரிக்கு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வேண்டும். என் முதல் ஒப்பந்தத்தில் எட்டு மாதம் இதற்கே போனது. அனுமதிகள் கையில் இருக்கின்றனவா என்று நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். ஒப்பந்தத்தை நீட்டப் பணம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அங்கே முன்பு வேலை செய்துவிட்டுப் போன ஒருவரோடு தனியாகப் பேசுவது எல்லாவற்றையும் விட நல்லது.

வேலை எப்படி இருக்கும் என்றால், வைத்தியசாலையில் இருந்து ஐஸில் வைத்த குழாய் ஒன்று வரும். நோயாளியின் சுவாசப்பையின் ஒரு மூலைக்குள் உப்புநீரை விட்டு, திரும்ப உறிஞ்சி எடுத்த நீர். வலையில் வடித்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் கலங்கள் அடியில் படியும். புகைக்காதவருடைய படிவு வெளிறி இருக்கும், பல வருடம் புகைத்தவருடையது சாம்பலைக் கரைத்த மாதிரி மங்கிக் கறுத்திருக்கும். சுவாசப்பையின் காற்றுச் சிற்றறைகளுக்குள் காவல் இருக்கும் மக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் விழுங்கி வைத்திருக்கும் புகைத் துகள்தான் அந்த நிறம். முதல் தடவை பார்த்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மக்ரோபேஜ்கள் சாயம் போடாமலே ஒளிரும், அதனால் சாயமில்லாத மாதிரியையும் கூடவே ஃப்ளோ சைட்டோமீற்றரில் (ஒளிரும் சாயத்தை வைத்துக் கலங்களை இனங்காணும் கருவி) ஓட விடாவிட்டால் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பிவிடுவோம். நியூட்ரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்களோ நாளைவரை காத்திருக்காது, உறையவைத்தாலும் பிழைக்காது. குழாய் பின்னேரம் ஐந்து மணிக்கு வந்தால் நீங்கள் வீடு போக நடுச்சாமம் ஆகும்.

சரி, போகலாமா? போங்கள், ஆனால் உங்களுடைய ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம்மூரில் மூச்சு வாங்கினால் எல்லாமே முட்டுத்தான். அம்பாறைப் பக்கம் அரிசி மில்லில் இருந்த என் பெரியப்பாவுக்கும் முட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் முட்டு, அடுப்படியில் ஆயுள் முழுக்க விறகுப் புகையில் நின்ற ஆச்சிக்கும் முட்டு. ஆய்வுகூடத்தில் பார்த்தால் இவை ஒன்றல்ல. பிள்ளையின் ஆஸ்துமாவில் பெரும்பாலும் இயோசினோபில்கள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்கள் கூடி நிற்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல், தானியத் தூசால் வரும் ஒவ்வாமை அழற்சியில் லிம்போசைற்றுகள் என்ற வேறொரு வகை. புகையால் வரும் சுவாசத்தடையில் நியூட்ரோபில்கள். எந்தக் கலம் என்று தெரிந்தால்தான் மருந்து பொருந்தும். 2015 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மெப்போலிசுமாப் என்ற மருந்து, இயோசினோபில்களை வளர்க்கும் இன்டர்லியூக்கின் 5 என்ற சமிக்ஞைப் புரதத்தை மறிக்கிறது. இயோசினோபில் கூடிய கடும் ஆஸ்துமாவுக்கு அது உதவும், இயோசினோபில் அதிகமில்லாதவருக்குக் கொடுத்துப் பெரிய பலன் இல்லை.

உங்களுக்கு வந்திருக்கும் வேலை சிகரெட் புகை பற்றியது. பீடி, சிகரெட் தொடாத நம் பெண்களுக்கு விறகுப் புகையாலும் இதே சுவாசத்தடை நோய் வருகிறது. இரண்டு புகையிலும் மக்ரோபேஜ்கள் ஒரே மாதிரி நடக்கின்றனவா? கையெழுத்து வைக்கும் முன்பே ஆய்வுகூடத் தலைவரிடம் இதைக் கேளுங்கள், "இந்தப் பகுதியை நான் எடுக்கலாமா, போகும்போது என்னோடு கொண்டுபோகலாமா?" என்று. ஓம் என்றால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பிறகு தனியாக நிதி கேட்டு விண்ணப்பிக்கவும், ஒருநாள் இங்கே வந்து ஒரு விரிவுரையாளர் பதவியில் இருந்து தொடரவும் உங்களிடம் ஒன்று இருக்கும். முடியாது என்று சொன்னாலும் வேலையை உடனே தட்டிவிட வேண்டாம், அவர் உங்களுக்கு வேறு எதைத் தர நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு எனக்குத் திரும்ப எழுதுங்கள்.