மிளகுக் கணக்கும் போகி நெருப்பும்

அன்புள்ள சார்,

பிரிட்டனில் ரோமானியர் எல்லையில் எழுப்பிய ஹேட்ரியன் சுவரைக் காவல் காத்த விண்டோலாண்டா கோட்டையில், மிளகு வாங்கிய கணக்கு எழுதிய மரஏடு கிடைத்ததாகப் படித்தேன். அது நம் மிளகுதானே? ரோமானியப் படையே நம்மை நம்பித்தான் இருந்தது என்று சொல்லலாமா? நம் பாடநூல்களில் இதை ஏன் சேர்ப்பதில்லை?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து போனதுதான். தப்போ மகன் காம்பாக்ஸ் என்பவன் 2 தெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) வாங்கியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு ரோமானியப் படைக்கே நாம்தான் சோறு போட்டோம் என்று கிளம்பிவிடாதீர்கள். பாடநூல் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள், விட்டுவிடுங்கள்.

சில வாரங்களாக இந்த ஏடுகளோடுதான் கிடக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில். இவற்றில் பெரும்பாலானவை எழுதப்பட்டபோது ஹேட்ரியன் சுவரே கிடையாது. சுவர் வேலை தொடங்கியது கி.பி. 122இல், கோட்டை 85 வாக்கிலேயே வந்துவிட்டது. காவல் இருந்தவர்களும் ரோம் நகரத்து ஆட்கள் இல்லை. ரைன் நதி முகத்துவாரத்துப் படாவியர்கள், இன்றைய பெல்ஜியப் பக்கத்துத் துங்கிரியர்கள். படாவியர்கள் 69இல் ரோமை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள். ஒரு தலைமுறைக்குள் அதே ரோமுக்காக இன்னொருவன் நாட்டில் காவல்!

அவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? 752 பேர் கொண்ட படைப்பிரிவில் 456 பேர் வெளியூரில். இருப்பவர்களில் 31 பேருக்கு உடம்பு சரியில்லை, அதில் 10 பேருக்குக் கண்நோய். ஒருவன் தன் ஆட்களுக்கு பீர் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள் என்கிறான். ஆக்டேவியஸ் என்ற வியாபாரி, சாலை மோசமாக இருப்பதால் தோல் எடுத்துவரப் போகவில்லை என்கிறான்.

இன்னொரு கோட்டைத் தளபதியின் மனைவி கிளாவ்டியா செவேரா, தன் பிறந்தநாளுக்கு விண்டோலாண்டா தளபதியின் மனைவி லெபிடினாவை அழைக்கிறாள். செப்டம்பர் 11. கடிதத்தை எழுத்தர் எழுதிவிட்டார். ஓரத்தில் மட்டும் அவளே, கோணல் கையெழுத்தில், ‘நீ வருவாய் என்று பார்த்திருப்பேன், சகோதரி’ என்று எழுதுகிறாள். என் அத்தையும் இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பையன் இன்லண்ட் லெட்டரை நிரப்பிவிடுவான். மடிக்கிற இடத்தில் அத்தை தன் கையால் ‘சாப்டுக்கோ’ என்று நாலு எழுத்து போடுவாள். அந்தக் கட்டு முழுவதும் ஒரு போகிக்கு எரிந்தது. வீட்டில் இடம் அடைக்கிறதாம்.

விண்டோலாண்டாவிலும் எரிக்கத்தான் பார்த்தார்கள். 105 வாக்கில் படாவியர்கள் டான்யூப் பக்கம் மாற்றலாகிப் போனபோது குப்பையோடு ஏடுகளையும் போட்டுக் கொளுத்தினார்கள். பாதி கருகின, மீதி தப்பின. பின்னால் வந்தவர்கள் களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடி, மேலேயே அடுத்த மரக்கோட்டையைக் கட்டினார்கள். காற்றுப் புகாத ஈரத்தில், போஸ்ட்கார்டு அளவும் ஓரிரு மில்லிமீட்டர் கனமும் உள்ள மரச்சீவல்கள் மட்காமல் கிடந்தன. 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி தோண்டியெடுத்தார். பிரித்த கையோடு மை மங்கிவிட, அகச்சிவப்புப் படம் எடுத்துத்தான் படிக்க முடிந்தது.

அவர்களுக்குச் சேறு இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? வெயிலும் கரையானும், இவை போதாதென்று வருஷா வருஷம் நாமே வைக்கிற தீயும். யவனர் கப்பலுக்கு மார் தட்டுகிறோம். தாத்தாவின் மளிகை நோட்டைப் பழைய பேப்பர்காரனுக்குக் கிலோவில் போடுகிறோம். கோபப்படாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை. ஆனால் உங்களையும்தான் சொல்கிறேன். கல்வெட்டு என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நமக்கு, கறிகாய்க் கணக்கும் ஆவணம் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது மிஞ்சியிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். ஃபோனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். யார் யாருக்கு எழுதியது என்று பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.